பதினொரு படிகங்கள்

நான் முட்டை உடைத்தால் பாதி ஓடு சட்டிக்குள் விழும். என் மனைவியின் கை அப்படியில்லை. ஆய்வுக்கூடத்தில் அவள் விஞ்ஞானி, நான் அவளுக்கு கேஸ் நிரப்பிக் கொடுக்கிறவன். வீட்டிலும் ஏறக்குறைய அதே உத்தியோகம்தான்.

நீங்கள் கேட்டதால் விளக்குகிறேன், ஐயா. கடுங்குளிரில் ஹீலியத்தை அழுத்தினால் படிகமாக உறையும். அதற்குள் அணுக்களின் வரிசை பிசகிய இடங்கள் இருக்கும். ஹீலியம் படுசுத்தமென்றால் அந்தப் பிசகுகள் தடையில்லாமல் நகரும். லேசாக நெருக்கினாலே படிகம் வளைந்து கொடுக்கும். கோடியில் ஒன்றிரண்டு அணு வேறு ரக ஹீலியம் கலந்தாலும் போச்சு, பிசகுகளில் போய் ஒட்டிக்கொள்ளும், படிகம் விறைத்துவிடும். அந்த வளைவை அளந்து காட்டினால் அவளுக்கு வெளிநாட்டில் பெரிய வேலை. கேஸ் நிரப்ப அங்கே இயந்திரமே இருக்கிறதாம்.

"நீங்களும் வாங்க. சும்மா வீட்ல இருங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது.

அவளுடைய சுத்தமான சிலிண்டரில், பலூனுக்கு அடைக்கிற, அந்த வேறு ரகமும் கலந்திருக்கிற சாதா ஹீலியத்தைக் கொஞ்சம் விட்டேன். என் வாழ்க்கையில் நான் கச்சிதமாகச் செய்த ஒரே காரியம் அது. படிகம் விறைத்தது. எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து மறுபடி வளர்த்தாள். அதுவும் விறைத்தது. இரண்டு வருடத்தில் பதினொன்று.

"கேஸ் சுத்தந்தானே?" என்று ஒருமுறை கேட்டாள்.

"என்னையே சந்தேகப்படறியாம்மா?"

மன்னிப்புக் கேட்டாள். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒன்பதாவதில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "உனக்குக் கைராசி இல்லம்மா, விட்டுடு" என்று தட்டிக்கொடுத்தேன். நல்ல கணவன் வேறென்ன செய்வான்? பதினொன்றாவதில் விட்டுவிட்டாள், வேலையையும் சேர்த்து. அவள் இடத்துக்கு வந்தவர் முதல் வாரமே சிலிண்டரைச் சோதித்தாராம். அவருக்கு நான் புருஷன் இல்லையே.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். தங்கை குழந்தையை நீட்டினால் வாங்குவதில்லை, கீழே போட்டுவிடுவாளாம். கண்ணாடி டம்ளரைத் தொடுவதில்லை. சமையல் என்னுடையது, குறை சொல்லாமல் சாப்பிடுகிறாள்.

ஆமாம், பதினொரு முறையும் நான்தான் கலந்தேன். வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஐயா. இந்த உலகத்தில் அவள் இன்னும் நம்புகிற ஒரே ஆள் நான்தான். அதையும் அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை.