மீன் பிழைத்தால்

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூர் போகும் மினிபஸ். மடியில் சாக்கு வைத்திருந்த முன்சீட்டு அம்மா, “மகளுக்கு வாழத்தோலு அனுப்புறேன்” என்றதும் நான் போனை அணைத்துவிட்டேன்.

“தோலு எதுக்குக்கா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“எண்ணெய்க் கெணறு தோண்டையில உள்ள சேத்தைக் கரைச்சு ஊத்துவாகளாம். எம்மக ஆராய்ச்சி பண்றால்ல, அதுல கெமிக்கலுக்குப் பதிலா இதை அரைச்சுக் கலக்குறா. அந்தத் தண்ணியில மீன் உசுரோட இருந்தா பாஸாம்.”

“இருந்துச்சா?”

“போன தடவ அம்புட்டும் செத்துப்போச்சு. எங்க தப்புன்னு இன்னும் தேடுறா, பாவம்.”

பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார்.

“அப்ப தோலைக் காயப்போட்டது எங்க வீட்டுக்காரர். மகளுக்குப் போறது, பூச்சி அரிச்சிரக் கூடாதுன்னு தோட்டத்து மருந்த அடிச்சுவிட்டாக. ஆஸ்பத்திரியில கெடக்கையிலதான் எங்கிட்டயே சொன்னாக. அவகிட்டச் சொல்லிராதன்னு கையப் பிடிச்சுக்கிட்டு அழுதாக. மறுநாள் போயிட்டாக.”

“இந்தத் தோலு?”

“இதுல ஒண்ணும் அடிக்கல. நானே ஒக்காந்து புழுப் பொறுக்குனேன். மீன் பொழைக்கணும்னுதான் சாமியக் கும்புடுறேன். பொழச்சுருச்சுன்னா, அப்பா அனுப்புனதுல மட்டும் என்னம்மா இருந்துச்சுன்னு கேப்பாளே.”