கப்பல் மாப்பிள்ளை

வளைகுடாவில் விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை, தேரா கரையிலிருந்து அப்ரா படகு கிளம்பியதும், எனக்கு எதிரே இருந்தவர் இரண்டு கைகளாலும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கப்பல்ல இப்படியெல்லாம் ஆடாதுடா."

பக்கத்திலிருந்த நண்பர் சிரித்தார். "உன் கப்பல் எப்படிடா ஆடும்? ரிப்பேர் பட்டறையில தண்ணியை வடிச்சு, கப்பலைக் கட்டை மேல நிறுத்தினப்புறம்தானே உங்கள பெயிண்ட் அடிக்க ஏத்துறாங்க. பொண்ணு வீட்டுல அதைச் சொன்னியா?"

"கப்பல்ல வேலைன்னு சொன்னேன். வாந்தி வராதா மாப்ளன்னு மாமனார் கேட்டாரு. ஒரு தடவைகூட வந்ததில்லன்னேன். பொய்யா?"

"அவரு என்ன பண்றாரு?"

"விசைப்படகு வச்சிருக்காரு. நான் லீவுல வந்ததும் கடலுக்குக் கூட்டிட்டுப் போறாராம்."

அக்கரை வந்தது. எல்லாரும் இறங்கினோம். அவர் மட்டும் கண்ணை மூடியபடி உட்கார்ந்தே இருந்தார்.

"யல்லா, இறங்குடா."

"நீ போ. நான் இன்னும் ரெண்டு நடை பழகிட்டு வரேன்."