கித்தேரி சந்து

நம்ம பாசித்துறையில பாய்த்தோணி ஓடின காலம் அது. அப்ப துறை இதைவிடச் சின்னது. ஒரு பக்கம் மணல்மேடு, ஒரு பக்கம் பாறை, நடுவுல கைப்பிடித் தண்ணி. அதுக்குள்ள தோணியெல்லாம் வரிசையா நிக்குமாம். முன்னால நங்கூரம், பின்னால கரையில அடிச்ச முளையில கயிறு. ஊருக்குப் பன்னிரண்டு தோணி. பன்னிரண்டாவது இலாசரோடது. அவன் பொண்டாட்டிதான் கித்தேரி.

ஒரு ஐப்பசி மத்தியானம். காத்து திடீர்னு முறுக்கிக்கிட்டு அடிக்குது. பதினோரு தோணி முந்தி வந்து சேந்துட்டு. இலாசர் தோணி பிந்திட்டு. துறை வாயில வந்து பாக்கான், உள்ள இடமே இல்ல. தோணிக்குத் தோணி தாராளமா இடைவெளி விட்டுக் கட்டியிருக்கானுவ. பலகை உரசிரக் கூடாதாம்! வேற வழியில்லாம வெளியவே நங்கூரத்தைப் போட்டான். வெளிய அடியெல்லாம் வழுக்குப் பாறை. நங்கூரம் எங்க பிடிக்கும்?

கரையில நின்ன கித்தேரி வரிசையைக் கண்ணாலயே அளந்தா. தோணிக்குத் தோணி ஒரு முழம் நெருங்கினாப் போதும், ஒரு தோணி உள்ள வந்துரும். ஓடினா.

முதல் தோணி பொனிப்பாசோடது. "அண்ணே, கயித்தை இளக்கிக் கொஞ்சம் நெருங்குங்க. அவரு வெளிய கெடக்காரு!"

"அதுக்கென்ன தங்கச்சி. பக்கத்துத் தோணி நெருங்கட்டும், நான் நெருங்குதேன்."

அடுத்த தோணிக்கு ஓடினா. "சரி மைனி. பக்கத்துத் தோணி நெருங்கட்டும், நான் நெருங்குதேன்."

அதுக்கு அடுத்ததுக்கு ஓடினா. அங்கயும் அதே பேச்சு. கால் மணலுக்குள்ள புதையுது, அவ ஓடுதா. பாறையோரம் கடைசித் தோணி கிழவன் தொம்மையோடது. கையில கஞ்சிச் சட்டி. "நெருங்கிருவோம் தாயி. பாறை வரைக்கும் இன்னும் மூணு முழம் கெடக்கு. இந்தக் கஞ்சியைக் குடிச்சிட்டு வாறேன்."

எல்லாரும் சரின்னாங்க. ஒரு கயிறும் அசையல.

கித்தேரி மீன் வெட்டுத கத்தியை எடுத்தா. திரும்பி ஓடி வந்து பொனிப்பாஸ் கயித்தை ஒரே அறுப்பா அறுத்தா. தோணி சுத்திக்கிட்டுப் போய்ப் பக்கத்துத் தோணியில ஒட்டிச்சு, அது அடுத்ததைத் தள்ளிச்சு. கண்ணை மூடித் திறக்குமுன்ன இடம் வந்துட்டு! "வாங்க, வாங்க"ன்னு கடலைப் பாத்துக் கத்தினா. அங்க பாய்மரம் இல்ல. நங்கூரம் இழுபட்டு, தோணி பாறையில மோதிச் சிதறிட்டு. இலாசரும் கூடப் போன நாலு பேரும் வரவே இல்ல.

மூணாம் நாள் ஊர் கூடிச்சாம். துக்கம் கேக்கன்னு நினைக்காதீங்க. கயித்தை அறுத்ததுக்கு!

"நின்ன தோணிக் கயித்தை அறுக்கலாமா? நாங்க யாராவது மாட்டேன்னா சொன்னோம்?"

"இல்ல. ஒருத்தரும் மாட்டேன்னு சொல்லல"ன்னா கித்தேரி.

புதுக் கயிறு திரிச்சுக் குடுக்கணும்னு தீர்ப்பு. புருசனைப் பறிகொடுத்தவளுக்கு இந்தத் தீர்ப்பைச் சொல்ல நாக்கு எப்படி வந்துச்சோ! தென்னைநாரைத் திரிச்சுத் திரிச்சு உள்ளங்கை ரெண்டும் புண்ணாப் போச்சாம். கயித்தைப் பொனிப்பாஸ் கையில குடுத்துட்டு, அறுந்த பழைய கயித்தைக் கேட்டு வாங்கினா. இடம் வந்த அதே இடத்துல, கரையில ஒரு முளையை அடிச்சா. அறுந்த கயித்தை அதுல சுத்தினா.

"இது பிந்தி வாறவனுக்கு உள்ள இடம். வேற எவனாவது இங்க கட்டினா, கத்தி இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

அவ இருந்தவரைக்கும் பயத்துல அந்த இடத்தைக் காலியா விட்டாங்க. அவ போன பிறகு பக்தியா விட்டாங்க. அதுதான் கித்தேரி சந்து. மரமுளை போய்க் கல்முளை வந்துட்டு. வருசா வருசம் புதுக்கயிறு சுத்தி மெழுகுதிரி கொளுத்துதோம்.

பாய்த்தோணிக் காலம் முடியப் போற சமயத்துல, இதே மாதிரி ஒரு ஐப்பசிக் காத்துல அசலூர்த் தோணி ஒண்ணு தவிச்சுக்கிட்டு வந்துச்சாம். நேரா அந்தச் சந்தைப் பாத்துத்தான் வந்துச்சு. கரையில நின்ன அத்தனை பேரும் கையை ஆட்டிக் கத்தினாங்களாம்: "அங்க விடாத! அது கித்தேரி சந்து! பக்கத்துத் தோணி நெருங்கும், பொறு!"

அந்தத் தோணிக்காரன் வெளியவே பொறுத்தான். மறுநாள் பலகைதான் கரை ஒதுங்கிச்சு. சந்து காலியாத்தான் கெடந்துச்சு, இன்னைக்குக் கெடக்குத மாதிரியே.