இரண்டு பேர் மட்டும் பேசலாம்

காலை மணி ஆறு. நம் ஊரில் ஆறு மணி என்றால் இன்னும் நல்ல இருட்டு. சீக் ஊருக்குப் போகிற பெரிய ரோட்டிலிருந்து ஒரு தோட்டத்து ரோடு உள்ளே பிரியும்... ஒன்பது கிலோமீட்டர். இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. மழை விட்டிருந்தது. மட்டைகள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன. அந்த ரோட்டில் ஒரு வேன் தனியாக வந்தது. ஓட்டியவன் பெயர் சசிதரன். என் சிநேகிதி ரமணிக்குச் சின்னம்மா மகன். ரமணியே என்னிடம் சொன்னது. அதனால் இதில் கூட்டல் இல்லை.

"அத்தை, நீங்க எதைத்தான் கூட்டாம சொல்லியிருக்கீங்க," என்றாள் ஜெசிகா.

கல்லறைத் திருநாளுக்கு முதல் ராத்திரி அது. மெர்கோங்கில் என் வீட்டு முன்னறையில் பாயை விரித்து, விடிந்தால் கல்லறைக்குக் கொண்டுபோகப் பூவளையம் கட்டிக்கொண்டிருந்தோம். நான், என் தம்பி மகள் ஜெசிகா, பக்கத்து வீட்டுப் பிரேமாவதி. பிரேமாவதிக்கு இந்தத் திருநாள் கிடையாது. ஆனால் பூக் கட்ட அவளை விட்டால் எங்கள் தாமான் குடியிருப்பில் ஆள் இல்லை. கரண்டு போய் ஒரு மணி நேரம். ஒரே ஒரு மெழுகுவர்த்தி. சாமந்தி வாசனையோடு மெழுகு வாசனையும் சேர்ந்து... கோயிலுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது.

"நீ சொல்லுக்கா," என்றாள் பிரேமாவதி. "அந்நேரத்துல அந்தப் பையன் எங்க போறான்?"

அம்மாவைப் பார்க்கப் போகிறான். அந்த அம்மா பெயர் மருதம்மாள். ரப்பர் மரம் சீவி, அது போய்ச் செம்பனை வந்ததும் உரம் போட்டு, வேலையை விட்ட பிறகும் தோட்டத்து வரிசை வீடான லயத்தை விடாத மனுஷி. மகன் மெர்கோங்கில் கடை வீட்டு மாடியில் இருந்தான். எத்தனையோ தடவை கூப்பிட்டான்.

"வந்துடும்மா என்கூட."

"அங்க வந்து நான் யார்கிட்டலா பேசுறது? உங்க தாமான்ல கதவைக்கூட ரிமோட்டுலதான் சாத்துறான். இங்க இருந்தா உன்கூடவாச்சும் போன்ல பேசுவேன்."

அந்தப் போனை மாட்டிக் கொடுத்ததே சசிதரன்தான். அந்தத் தோட்டத்தில் அப்போது கைப்பேசிக்கு லைன் கிடையாது. மலை மறைத்தது. இண்டர்நெட் வழியாகப் பேசுகிற போன்களை ஆபீஸுகளுக்கு மாட்டித் தருகிற ஒரு சின்னக் கடையில் அவனுக்கு வேலை. தோட்டத்து ஆபீஸில் ஒரு பெட்டியை வைத்து, அதிலிருந்து லயத்துக்கும், தோட்டத்து வைத்தியம் பார்க்கிற டிரஸ்ஸர் வீட்டுக்குமாக ஒன்பது போன் இழுத்தான்.

மலைக்குள் வருகிற இண்டர்நெட் நூல் மாதிரி. குரலை அப்படியே அனுப்பினால் உடைந்து உடைந்து கேட்கும். அதனால் பெட்டி குரலைச் சுருக்கி அனுப்பும். அந்தப் பக்கத்துப் போன் அதை விரித்துக் காதில் விடும். சுருக்கி விரிக்கிற அந்த முறைக்குக் கோடெக் என்று பெயர். அதில் பல வகை. நன்றாகச் சுருக்குகிற வகை அந்த வருஷங்களில் வேறு ஒருத்தருக்குச் சொந்தம். லைசென்ஸ் இல்லாமல் தொட முடியாது. ஒரே நேரத்தில் எத்தனை பேச்சோ, அத்தனை லைசென்ஸ். தோட்டத்தில் இரண்டு வாங்கினார்கள்.

"பேசுறதுக்கு லைசென்ஸா? எங்க அண்ணன் மோட்டார் ஓட்டவே லைசென்ஸ் இல்லாம சுத்துறான்."

"கேளு ஜெசிகா. வாய் அப்புறம்."

இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாவது ஆள் எடுத்தால், சுருக்காமலே அனுப்பவும் பெட்டிக்கு ஒரு வழி உண்டு. சசிதரன்தான் அதை அடைத்து வைத்தான். சுருக்காத குரல் ஒன்று நடுவில் புகுந்தால் மற்ற இரண்டும் உடைந்துபோகும். ஆபீஸில் கணக்கு எழுதுகிற கிராணி புகார் சொல்லியிருந்தார். அடைத்துவிட்டான். அதன் பிறகு மூன்றாவது ஆளுக்கு டூ... டூ... டூ... தோட்டத்துக்குள்ளேயே டிரஸ்ஸரைக் கூப்பிட்டாலும் அப்படித்தான்.

மருதம்மாளுக்கு அது தெரியும். மகனோடு மூன்று நிமிஷத்துக்கு மேல் பேச மாட்டார்.

"வெச்சிடுறேன் சாமி. யாருக்காச்சும் அவசரமா இருக்கும்."

"இன்னும் ஒரு லைன் இருக்கும்மா. பேசுங்க."

"அதுவும் யாராச்சும் எடுப்பாங்க. சாப்பிட்டுத் தூங்கு."

இப்படித்தான் தினமும்.

அன்றைக்குப் பகலில் சசிதரன் பெட்டிக்குப் புது மென்பொருள் ஏற்றினான். ஏற்றினால் ஒரு ராத்திரி முழுக்கச் சோதிக்க வேண்டும். அது அந்த வேலையின் வழக்கம். பூட்டிய ஆபீஸில் ஒரு போனையும், மெர்கோங்கில் தன் மேஜைமேல் ஒரு போனையும் பேச விட்டு, இரண்டையும் எடுத்த நிலையிலேயே வைத்துவிட்டால், காலை வரைக்கும் அறுந்துபோகாமல் நிற்கிறதா என்று தெரியும். இந்தப் பக்கமும் ஆள் இல்லை. அந்தப் பக்கமும் ஆள் இல்லை. வெறும் போனோடு வெறும் போன் பேசிக்கொண்டிருந்தது.

அதற்கு ஒரு லைசென்ஸ்.

இன்னொன்றை அன்று ராத்திரி காவல்காரர் குழந்தைவேலு எடுத்திருந்தார். ஜொகூரில் தொழிற்சாலையில் இருக்கிற மகள் வேலை முடிந்து வந்து அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தாள். அதில் தப்பு என்ன இருக்கிறது?

விடியுமுன் வேலையாட்கள் கூடுகிற பெரட்டுக்குப் போகிற வழியில் டிரஸ்ஸர் அய்யாவு பார்த்திருக்கிறார். கடைசி லயம். பக்கத்து இரண்டு வீடும் காலி. மருதம்மாள் வீட்டில் விளக்கு எரிகிறது, கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது... குழந்தைவேலு அதற்குள் வைத்துவிட்டிருந்த லைனில் அவர்தான் சசிதரனுக்குச் சொன்னார். சசிதரன் போய்ச் சேர்ந்தபோது அவர் வாசலில் நின்றார். உள்ளே தைல வாசனை. நெஞ்சில் தேய்த்துத் தேய்த்துப் பாட்டில் காலியாகிக் கவிழ்ந்து கிடந்தது. ரிசீவர் மேஜை விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து மெல்லிசாக, டூ... டூ... டூ...

"ஏண்ணே உங்களைக் கூப்பிடல?"

"எனக்கு மணியே அடிக்கல தம்பி. போன் தலைமாட்டுலதான் இருந்துச்சு."

சசிதரன் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. நேராக ஆபீஸுக்கு நடந்தான். பெட்டியைத் திறந்து பார்த்தான். ஒரு மணி பன்னிரண்டிலிருந்து ஒன்றே முக்கால் வரைக்கும் ஒன்பது அழைப்பு. முதல் இரண்டு டிரஸ்ஸருக்கு. மிச்சம் ஏழும் அவனுக்கு. ஒன்பதுக்கும் எதிரே ஒரே காரணம் எழுதியிருந்தது. லைசென்ஸ் இல்லை.

பிரேமாவதி பூவைக் கீழே வைத்தாள். வெளியே எங்கேயோ ஜெனரேட்டர் ஓடியது.

"அப்புறம்?" என்றாள் ஜெசிகா, சின்னக் குரலில்.

அப்புறம்... பதினாறாம் நாள் காரியம் முடித்துவிட்டு அவன் மறுபடி பெட்டியைப் பார்க்கப் போனான். அந்தச் சோதனை அழைப்பை அவன் கையாலேயே அறுத்திருந்தான். தோட்டத்தில் அப்போது யாரும் பேசவில்லை. ஒன்பது போனும் வைத்த நிலையில். ஆனால் பெட்டி காட்டியது: இரண்டில் ஒன்று உபயோகத்தில்.

யார் எடுத்தது? நம்பர் இல்லை. யாருக்கு? நம்பர் இல்லை. எந்தக் கோடெக்? அந்த இடமும் காலி.

அறுத்தான். ஐந்து நிமிஷத்தில் மறுபடி ஒன்று. பெட்டியை அணைத்துப் போட்டான். மறுபடி ஒன்று. தன் கைக்காசில் லைசென்ஸை நாலாக்கினான், இனி யாருக்கும் எங்கேஜ் விழக் கூடாது என்று. நாலில் ஒன்று... அப்படியே.

ஒரு சாயங்காலம் அந்த அழைப்பைத் தன் போனுக்கு மாற்றிக் காதில் வைத்தான். ஸ்ஸ்ஸ்... என்று ஓர் இரைச்சல். தூரத்தில் மழை பெய்கிற மாதிரி. வேறு யாராவது என்றால் அதுவே பேய் என்று போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அவனுக்குத் தெரியும். ஒருத்தர் பேசாதபோது இந்தப் போன்கள் எதையும் அனுப்பாது. காதில் ஒன்றும் விழாவிட்டால் லைன் செத்துவிட்டது என்று மனுஷன் வைத்துவிடுவான் இல்லையா? அதற்காக நம் போனே நமக்காக ஒரு பொய் இரைச்சலைப் போட்டுக் காட்டும். ஆக, காதில் கேட்பது அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை.

ஆனால் திரையில் ஒரு கணக்கு ஓடும். அந்தப் பக்கத்திலிருந்து எத்தனை துண்டு குரல் வந்தது என்று. பேசினால்தான் அது ஓடும்.

அது ஓடிக்கொண்டிருந்தது.

யாரோ பேசுகிறார்கள். வந்துகொண்டே இருக்கிறது. விரித்துக் காட்ட இந்தப் போனுக்குத்தான் தெரியவில்லை... இதில் இல்லாத ஏதோ ஒரு கோடெக்கில் சுருக்கிய குரல்.

ரமணி ஒரு தடவை கேட்டிருக்கிறாள். "அது சின்னம்மாதான்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"கொஞ்சம் ஓடும், அப்புறம் நிக்கும்க்கா. நாம பதில் சொல்ல விடுற மாதிரி. நான் பேசாம இருந்தா, மறுபடி ஓடும். 'சாப்பிட்டியா'ன்னு கேட்டா எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவுதான் ஓடும்."

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே வேலை. சுங்கைப் பட்டாணி, அலோர் ஸ்டார், பினாங்கு என்று பழைய பொருள் கடையெல்லாம் ஏறி இறங்கி இண்டர்நெட் போன்களாகத் தேடி வாங்கினான். ஒவ்வொரு கம்பெனிப் போனுக்கும் ஒவ்வொரு கோடெக் தெரியும். ஒவ்வொன்றிலும் அந்த அழைப்பை மாற்றி மாற்றிக் காதில் வைத்தான். அறை முழுக்கப் போன். படுக்கக்கூட இடம் இல்லை. அவன் வேலை பார்த்த கடைக்காரர் திட்டினார். பெண் பார்த்து வைத்த வீட்டில் வேண்டாம் என்றார்கள். சில வருஷத்தில் அந்த நல்ல கோடெக்குக்குப் பேட்டண்டு காலம் முடிந்தது. லைசென்ஸே வேண்டாம், யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு அவன் அழுதானாம்.

"ஏன் அழணும்? நல்லதுதானே," என்றாள் ஜெசிகா.

"கொஞ்சம் முன்னாடி ஆயிருக்கலாமே, ஜெசிகா," என்றாள் பிரேமாவதி.

எதிலும் அந்தக் குரல் விரியவில்லை. ஆனாலும் தினமும் சாயங்காலம் காதில் வைப்பான். கணக்கு நிற்கிற இடத்தில் இவன் பதில் சொல்வான். "சாப்பிட்டேன்மா." "மழைதான்மா." "வேலை பரவால்லைம்மா." சரியான பதிலா என்று யார் கண்டது? அந்த ராத்திரியைப் பற்றி மட்டும் அவன் கேட்டதே இல்லை. மூன்று நிமிஷத்துக்கு மேல் பேசியதும் இல்லை. அம்மா வழக்கம்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். லயத்தை இடித்தார்கள். மலைமேல் கைப்பேசிக் கோபுரம் வந்தது. பெட்டியைக் கழற்றிக்கொண்டு வா என்று கடைக்காரர் அனுப்பினார். சசிதரன் ஒரு ராத்திரி அவகாசம் கேட்டான்.

ஆபீஸில் மேஜை நாற்காலி எல்லாம் ஏற்றிப் போய்விட்டிருந்தார்கள். வெறும் சிமெண்டுத் தரை. சுவரில் பெட்டி, அதில் ஒரு பச்சை விளக்கு. வௌவால் எச்ச வாசனை. ராத்திரி ஒரு மணி தாண்டியதும் தரையில் உட்கார்ந்து போனைக் காதில் வைத்தான். வருவதையெல்லாம் அப்படியே பதிந்து வைக்க மடிக்கணினியையும் இணைத்தான். ஸ்ஸ்ஸ்... கணக்கு கொஞ்சம் ஓடி நின்றது.

"அம்மா."

நின்றே இருந்தது.

"அன்னிக்கு ஏழு தடவை கூப்பிட்டீங்க. என்னம்மா சொல்ல வந்தீங்க?"

ஓட ஆரம்பித்தது.

அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். மூன்று நிமிஷம் ஆனது. பத்து ஆனது. ஓடியது. கால் மரத்துப்போனது, மாற்றி உட்கார்ந்தான். காதில் அந்தப் பொய் இரைச்சல் மட்டும்தான். நடுவில் "ம்" கொட்டினானாம். "சொல்லுங்கம்மா, வேற யாரும் லைன்ல இல்ல, நீங்க பேசுங்க" என்றானாம். வெளியே சேவல் கூவியது. ஐந்தே கால் மணிக்குக் கணக்கு நின்றது. அதன் பிறகு பச்சை விளக்கு ஒரு தடவை சிமிட்டியது. அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள் என்று திரையில் வந்தது.

நாலில் ஒன்றும் உபயோகத்தில் இல்லை. அன்றிலிருந்து இல்லை.

"சொல்லி முடிச்சிட்டாங்க," என்றாள் பிரேமாவதி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாவி மகனுக்கு ஒரு வார்த்தை கேக்கல."

கேட்கவில்லைதான். ஆனால் பதிந்தது அவன் கையில் இருந்தது. கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் போனுக்குள் வைக்கிற ஒலி சிப்பைச் சோதிக்கிற எரிக் என்று ஒரு பையன். சசிதரனோடு தொழில் பள்ளியில் படித்தவன். அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். யார், என்ன என்று எதுவும் சொல்லவில்லை. ஒரு பழைய போனில் பதிந்தது, விரிக்க முடியுமா பார், அவ்வளவுதான்.

எரிக் ஒரு வாரம் வைத்திருந்தான். பிறகு சாப்பாட்டு நேரத்தில் கேண்டீனுக்கு வரச் சொன்னான். விரிக்க முடியவில்லை, இப்படி ஒரு கோடெக் எந்தப் பட்டியலிலும் இல்லை என்றான். மடிக்கணினியைத் திருப்பி, குரல் வந்த நேரத்தை வரைந்த ஒரு நீளக் கோட்டைக் காட்டினான். முதலில் சின்னதாய் ஒரு துண்டு, ஓர் இடைவெளி. அதற்குப் பிறகு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும், அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், ஒரே கோடு.

"மனுஷங்க பேசினா அஞ்சு ஆறு செகண்டுக்கு ஒரு தடவை மூச்சு இழுப்பாங்க. அங்க கோடு அறுந்து நிக்கும். இதுல நாலு மணி நேரம் ஓடுது. நானும் ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் தேடிட்டேன்."

எரிக் தன் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தான்.

"யாருடா இவங்க? ஒரு தடவைகூட மூச்சு வாங்கல."