சங்கிலிப் பொந்தில் சொன்ன ஒற்றைச் சொல்

நான் முதல் தாளில் கண்ட முகவரியில் என் மனைவியுடனும் மனைவியின் தம்பியுடனும் குடியிருந்து வருகிறேன். எனக்கு வயது நாற்பத்தெட்டு. பெயரும் தகப்பனார் பெயரும் அந்தத் தாளிலேயே இருக்கின்றன. சரக்குப் படகு ஒன்றில் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். என் மைத்துனன் அதே படகில் நங்கூரம் தூக்கும் வின்ச் இயந்திரத்தை ஓட்டுகிறான். இப்போது மருத்துவமனையில், ஆண்கள் பிரிவில், ஜன்னல் ஓரக் கட்டிலில் படுத்திருக்கிறேன். எனக்கு நினைவு தெளிந்துவிட்டதா என்று வாக்குமூலம் எழுத வந்த காவல் அதிகாரி டாக்டரைக் கேட்டார். என்னையே கேட்டிருக்கலாம், நன்றாகத் தெளிந்துதான் இருக்கிறேன். என் மைத்துனனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பது இன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது. அவன் வேண்டுமென்றே என் கைமேல் சங்கிலியை இறக்கினான் என்கிறார்களாம். அது பொய். அதைச் சொல்வதற்காக நானே அதிகாரியை வரச் சொன்னேன்.

படகின் முன்பக்கத்தில், தளத்துக்குக் கீழே, நங்கூரச் சங்கிலி வந்து விழுவதற்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. சங்கிலிப் பொந்து என்போம். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. நங்கூரத்தைத் தூக்கும்போது மேலே இருக்கும் வின்ச் சங்கிலியை இழுத்து ஒரு குழாய் வழியாக இந்தப் பொந்துக்குள் இறக்கும். சங்கிலி விழுந்து விழுந்து பக்கத்துப் பலகையை அரைத்துவிடும். எங்கள் படகில் ஒரு பலகை விரலால் அழுத்தினால் நெளிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர். முதலாளி இரண்டு கோட் பெயின்ட் அடித்தால் போதும் என்றார். பெயின்ட்டைப் பார்த்துச் சங்கிலி ஒதுங்கிப் போகுமா என்று கேட்டேன். அதன் பிறகு தேய்ந்த பலகையை மாற்றி, உட்பக்கம் முழுக்கப் பழைய பெல்ட் ரப்பரை விரித்து, ஓரங்களில் மரச் சட்டம் வைத்து அடிப்பது என்றும், சங்கிலி ஈரத்தில் ஊறாதபடி அடியில் மரத் தட்டி போடுவது என்றும் முடிவானது. ஆணி பலகையில் இறங்கக் கூடாது, பலகைகளைத் தாங்குகிற விலாக்கட்டையில்தான் இறங்க வேண்டும். அதனால் அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே எடுத்துக்கொண்டேன்.

ரப்பரை எங்கே இரட்டையாகப் போடுவது என்று தெரிய, சங்கிலி எந்த இடத்தில் இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்காகச் சங்கிலி முழுவதையும் மேலே இழுத்துத் தளத்தில் போட்டோம். நான் பொந்துக்குள் இறங்கி மூலையில் ஒதுங்கிக்கொள்வேன். சுத்தியலால் கட்டையில் இரண்டு தட்டு தட்டி "விடு" என்பேன். மேலே அவன் பிரேக்கைத் தளர்த்தி, இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளத்துக்குச் சங்கிலியை இறக்கி நிறுத்திவிடுவான். நான் இடித்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு "எடு" என்பேன், மேலே இழுத்துக்கொள்வான். பொந்துக்குள் அவனால் பார்க்க முடியாது. குழாய் வழியாக என் குரலும் தட்டும்தான் கேட்கும். இந்த முறையை வகுத்தது நான்தான், அவன் கண்டுபிடித்ததல்ல. ஆணி அடிக்கத் தொடங்கும்போது சங்கிலி இறங்காதபடி தடுப்புக் கொக்கியைப் போடச் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவனும் நான்தான். இடது பக்கம் அடித்தபோது சொன்னேன். வலது பக்கத்தில் ஒரே ஒரு சட்டம்தானே, அடித்ததும் மறுபடியும் சங்கிலியை இறக்கிப் பார்க்க வேண்டுமே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன்.

எங்களுக்குள் தகராறு இருந்ததா என்று அதிகாரி கேட்கிறார். இருந்தது. என் மனைவி தையல் ஆலையில் வேலை பார்க்கிறாள். வேறு ஊரில் இருக்கிற அவர்களுடைய கிளையில் மேற்பார்வையாளர் வேலை தருவதாகக் கூப்பிட்டிருந்தார்கள். அவளுக்குப் போக ஆசை. நான் முடியாது என்று சொன்னேன். வாரம் ஒரு தடவை வருகிறேன் என்றாள், அதற்கும் முடியாது என்றேன். காரணம் கேட்டால் வீட்டை யார் பார்ப்பது என்பேன். வீட்டில் பார்க்க என்ன இருக்கிறது, இரண்டு அறையும் ஒரு சமையலறையும்தான். அவள் இல்லாத வீட்டுக்கு வேலை முடிந்து வந்து விளக்கைப் போட எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால் வீட்டின்மேல் பழியைப் போட்டேன்.

சம்பவத்தன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் பொந்துக்குள் இறங்கினேன். அவன் மேலே வின்ச் பக்கத்தில் நின்றுகொண்டு குழாய்க்குள் வாயை வைத்துப் பேச ஆரம்பித்தான்.

"அத்தான், அக்காவை எப்பத்தான் போகச் சொல்லப் போறீங்க?"

"வேலையைப் பாரு மாப்ள."

"வேலையையும் பாத்துக்கிட்டுத்தான் கேக்குறேன். அவ ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருக்கா. உங்களுக்கு எங்க தெரியப் போகுது, படுத்ததும் ஊரே எந்திரிக்கிற மாதிரி குறட்டை."

எனக்குச் சுருக்கென்றது. குடும்ப விஷயத்தில் மூக்கை நுழைக்காதே, என் பெண்டாட்டியை எங்கே அனுப்புவது என்று எனக்குத் தெரியும் என்று கத்தினேன். அதற்கு அவன், "அனுப்புறதுக்கு அவ என்ன பார்சலா?" என்றான். பக்கத்துப் படகில் வெல்டிங் வேலை செய்கிறவர் இதைக் கேட்டுச் சிரித்தது எனக்குக் கீழேயே கேட்டது. அவரை நாங்கள் ஸ்பீக்கர் என்று கூப்பிடுவோம். அவர் காதில் விழுந்தது எதுவும் அவரோடு நிற்காது. அவர்தான் காவல் நிலையத்தில் போய், மச்சான்கள் சண்டை போட்டார்கள், அவன் இவனைத் தீர்த்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். சண்டை நடந்தது உண்மை. மற்றது அவர் கையிலிருந்து போட்டது.

அதன் பிறகு நான் கடைசிச் சட்டத்தை வைத்து அடிக்க ஆரம்பித்தேன். ஆணிகளை வழக்கம்போல உதட்டில் கவ்வியிருந்தேன். ஒரு கையால் சட்டத்தைப் பிடிக்க வேண்டும், ஒரு கையில் சுத்தியல், ஆணியை வேறு எங்கே வைப்பது. அவன் நிறுத்தவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அத்தான், அவள் முகம் எப்படி மாறும் தெரியுமா என்று சொல்லிக்கொண்டே போனான். நான் ஒரு ஆணியில் இரண்டு அடி அடித்தேன். அவன் பேசியது பொறுக்கவில்லை. வாயில் ஆணி இல்லாமல் இருந்திருந்தால், அந்தப் பேச்சை விடு மாப்ள, போதும் என்று முழுதாகச் சொல்லியிருப்பேன். ஆணியைக் கவ்விக்கொண்டு அவ்வளவும் பேச முடியாது. பல்லைக் கடித்தபடி "விடு" என்று மட்டும் சத்தமாகச் சொன்னேன்.

அவனுக்குக் கேட்டது இரண்டு தட்டும் ஒரு விடுவும். அவன் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பிரேக்கைத் தளர்த்தினான். ஓங்கியிருந்த என் வலது கை நேராகக் குழாய் வாய்க்குக் கீழே இருந்தது. சங்கிலி வந்து விழுந்து கையை விலாக்கட்டையோடு சேர்த்து நசுக்கியது. அதன் பிறகு அவன் குதித்து இறங்கியது தெரியும். சங்கிலியை வெறுங்கையால் தூக்கிப் போட்டான், சட்டையைக் கழற்றி என் கையைச் சுற்றினான். "நீங்கதானே அத்தான் விடச் சொன்னீங்க, நீங்கதானே சொன்னீங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதான். ஐயோ, அந்த அழுகையை இப்போது நினைத்தாலும் தாங்க முடியவில்லை. இவ்வளவு சத்தமாக அழுததை ஸ்பீக்கர் காதில் வாங்கவில்லை போலிருக்கிறது.

அந்த நேரத்தில் அவன் உங்கள்மேல் கோபமாக இருந்தானா என்று அதிகாரி திரும்பத் திரும்பக் கேட்கிறார். கோபமாகத்தான் இருந்தான். கோபமே இல்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். ஆனால் அதிகாரிகள் பொந்துக்குள் இறங்கிப் பார்த்தார்களா, எவ்வளவு சங்கிலி உள்ளே கிடக்கிறது என்று பார்த்தார்களா என்று நான் கேட்டேன். அதிகாரி தாளைப் புரட்டிப் பார்த்து, இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு மேல் இல்லை என்றார். தளத்தில் கிடந்தது முழுச் சங்கிலி. கோபத்தில் ஆளைக் கொல்ல நினைத்தவன் அளந்தா இறக்குவான்? நான் சொல்லிக் கொடுத்த அளவுக்கு இறக்கி, நான் சொல்லிக் கொடுத்தபடி நிறுத்தியிருக்கிறான். அவன்மேல் எனக்குப் புகார் எதுவும் கிடையாது.

இதற்குமேல் ஒன்று சொல்ல வேண்டும். அது வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று அதிகாரி எழுத மறுத்தார். எழுதாவிட்டால் மேலே உள்ளதற்கும் ரேகை வைக்க மாட்டேன் என்று சொன்ன பிறகு எழுதுகிறார். இன்று காலை என் மனைவி வந்தாள். கட்டில் பக்கத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பேசினாள். "அந்த வேலை வேணாம்னு சொல்லிட்டேன். நான் எங்கயும் போகல. தம்பிய மட்டும் வெளிய கொண்டு வந்துடுங்க" என்றாள். போகவில்லை என்று அவள் வாயால் கேட்கத்தான் நான் இத்தனை நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். கேட்டபோது அது இனிக்கவில்லை. தம்பியைக் காட்டி அவளிடம் பேரம் பேசுகிறவன் என்று என்னை நினைத்துவிட்டாளே என்று இருந்தது. நினைக்கிற மாதிரிதானே நடந்துகொண்டேன் என்றும் இருந்தது. அவன் வெளியே வருவதற்கும் அவள் போவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவள் அந்த வேலைக்குப் போக வேண்டும். வேண்டாம் என்று சொன்னதை ஆலையில் மாற்றிச் சொல்லச் சொல்கிறேன். எனக்குக் கஷ்டம்தான், சமாளித்துக்கொள்வேன்.

அதன் பிறகு என் மனைவியை உள்ளே கூப்பிடச் சொல்லி, அவள் முன்னால் இதுவரை எழுதியதை வாசிக்கச் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள். அதிகாரியைப் பார்த்து, "இதை முன்னாடியே சொல்லியிருந்தா என் தம்பி அன்னிக்கு வாயே திறந்திருக்க மாட்டானே" என்றாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் சொன்னதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதில் எழுதியிருப்பதெல்லாம் யாரும் மிரட்டாமல், யாரும் ஆசை காட்டாமல், நானாகச் சொன்னது. வாசிக்கக் கேட்டேன், சரியாக இருக்கிறது, அத்தனையும் உண்மை. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். போடுகிற கை மணிக்கட்டோடு எடுக்கப்பட்டுவிட்டதால், என் மனைவி அட்டையைப் பிடித்துக்கொள்ள, இடது பெருவிரல் ரேகை வைத்திருக்கிறேன்.