ஆணி பிடுங்கிய கட்சிக்கு முதல் நாற்காலி பெற்றுத் தந்த அக்காவுக்கு

அன்பின் அடைக்கலமே! அஞ்சாமையின் அணிகலனே! மூக்குக் கண்ணாடி விற்ற கையாலேயே ஊரின் கண்ணைத் திறந்துவைத்த உத்தமியே! வாக்குக் கேட்ட வாயால் ஒருவரையும் வைதறியாத வேட்பாளரே! நம் சின்னஞ்சிறு கட்சிக்கு நகர மன்றத்தில் முதல் நாற்காலியை வென்று தந்து, இருபது ஆண்டுகள் அதில் நிமிர்ந்து அமர்ந்து, இன்று மன்றப் பொறுப்பையும் கட்சிச் செயலாளர் பொறுப்பையும் ஒருசேர இறக்கிவைக்கும் எங்கள் அக்காவே! வணங்கி வாழ்த்துகிறோம்!

அடைமொழிகளைக் கேட்கக் கேட்கத் தங்கள் புருவம் ஏறுவது மேடைக்குக் கீழிருந்தே தெரிகிறது. பொறுத்தருள்க. மடல் எழுதும் பொறுப்பு அலுவலகத் தட்டச்சர் தலையில் விழுந்தது. அடைமொழி இல்லாத மடல் மடலே ஆகாது என்று மற்றவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். மடலை மாட்டியிருக்கும் சட்டகம் புதிதா என்று தாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்: பழைய ஜன்னல் மரம். கண்ணாடியும் பழையதே; ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது.

தங்கள் பெருமைகளை வரிசைப்படுத்தி எழுத உட்கார்ந்தோம். எளிமை, நேர்மை, பொறுமை என்று மூன்று எழுதியதும் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக்கொண்டோம். பொறுமை என்பதை நீக்கிவிடலாம் என்றார் ஒருவர். கூட்டத்துக்குக் காகிதக் கோப்பையில் தேநீர் வந்த நாளில் தங்களிடம் பொறுமையைக் கண்டவர் யார்? பத்துப் பேர் வியர்த்து வழிய, பகல் வெளிச்சம் போதும், காற்றும் வருகிறது என்று விளக்கையும் மின்விசிறியையும் சேர்த்து அணைத்த கை தங்களுடையது. ஆகவே வரிசை வேண்டாம், அந்த முதல் வெற்றியின் கதையை மட்டும் எழுதுவோம் என்று முடிவாயிற்று. அதில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

அப்போது நம் கட்சிக்கு அலுவலகம் கிடையாது. தங்கள் கண்ணாடிக் கடையில், பார்வை பார்க்கும் எழுத்துப் பலகைக்கு எதிரே இரண்டு பெஞ்சுகள், அவ்வளவுதான் தலைமையகம். தேர்தலுக்குத் தேர்தல் நின்றோம், தேர்தலுக்குத் தேர்தல் கட்டுத்தொகை இழந்தோம். ஊரார் நம்மை வேலையற்றவர்கள் என்றே நினைத்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. சனிக்கிழமை தோறும் சாலையோர மரங்களில் அறைந்திருக்கும் ஆணிகளைப் பிடுங்குவதுதான் நம் கட்சியின் முதன்மையான பணி. துணி விளம்பரமோ, தகரப் பலகையோ, யாருடையதாக இருந்தாலும் ஆணியோடு கீழே வரும். பலகையை உரியவரிடம் ஒப்படைப்போம். ஆணிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

அந்த ஆண்டுத் தேர்தல் மட்டும் விளையாட்டாக இல்லை. ஊரின் ஏரியில் மேற்குப் பாதியை முன்பே மண் கொட்டி மூடியிருந்தார்கள். அன்றிலிருந்து மழைநீருக்குப் போக்கிடம் இல்லாமல் வெள்ளம் தங்கள் பள்ளத்தெருவுக்குத் திரும்பியது. மீதிப் பாதியையும் மூடி வணிக வளாகம் கட்டும் தீர்மானம், தேர்தல் முடிந்து கூடும் முதல் மன்றக் கூட்டத்துக்கு வரவிருந்தது. இரண்டு பெரிய கட்சிகளும் மன்றத்தில் சரிக்குச் சரி வரும் நிலை. ஒன்று மூடலாம் என்றது, மற்றது வேண்டாம் என்றது. ஏரிக்கரை வார்டு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஏரியின் தலையெழுத்து. மூடலாம் என்ற கட்சிக்காகத் தங்களுக்கு எதிரே நின்றவர் ஒப்பந்ததாரர். மண் லாரிகளெல்லாம் அவருடையவை. தாங்கள் தோற்றால் தங்கள் தெருவும் தங்கள் வீடும் இனி ஒவ்வொரு மழைக்கும் தண்ணீரில்தான். இது எங்களுக்குத் தெரியும். தங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.

வாக்குப்பதிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கமான பள்ளிக்கூடத்தில் கூரை வேலை நடந்ததால், வாக்குச்சாவடியை நூலகத்தின் பின்கட்டுக்கு மாற்றியிருந்தார்கள். சந்துக்குள் சந்து புகுந்து போகவேண்டிய இடம். வழி தெரிவதற்காகத் தேர்தல் அலுவலகத்தார் அம்புக்குறி போட்ட தகரப் பலகைகளைச் சாலை முழுக்க வைத்திருந்தார்கள். எதில் வைத்தார்கள்? மரங்களில். எப்படி வைத்தார்கள்? ஆணி அடித்து!

மீதியை இந்த அவை ஊகித்திருக்கும். முந்தைய நாள் சனிக்கிழமை. தேர்தல் வேலையில் மூழ்கியிருந்தாலும் வாராந்தரக் கடமையை விடலாகாது என்று, நம் சைக்கிள் கடைக்காரர் தலைமையில் ஒரு குழு சுத்தியலோடு கிளம்பி, இருட்டுவதற்குள் சாலையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டது. வேறெந்தக் கட்சிக்காரருக்கும் இப்படியொரு காரியம் கனவிலும் தோன்றியிருக்காது!

காலையில் சைக்கிள் கடைக்காரர் முகம் வெளுத்து ஓடிவந்தார். "அக்கா, மோசம் போயிட்டோம். அம்புக்குறித் தகரம் எல்லாம் நம்ம சாக்குலதான் இருக்கு. ஜனங்க பூட்டின பள்ளிக்கூடத்தைப் பாத்துட்டுத் திரும்பிப் போறாங்க. அதுலயும் பள்ளத்தெருக்காரங்கதான் அதிகம். நம்ம ஓட்டு அக்கா!"

தாங்கள் அவரைத் திட்டவில்லை. "சாக்கைத் தூக்கிட்டுப் போய்த் தேர்தல் அதிகாரிகிட்ட குடு. நடந்ததை நடந்தபடி சொல்லு. ஒண்ணையும் மறைக்காத" என்றீர்கள். அதிகாரி அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். பலகைகளை இனி ஒருவரும் தொடக்கூடாது, பிற்பகலில் தம் ஆட்களே கட்டிக்கொள்வார்கள் என்றும் சொல்லி அனுப்பினார். பிற்பகல் வரை வருகிறவர்கள் என்ன செய்வது?

தாங்கள் குடையை எடுத்துக்கொண்டு சாலை முனைக்குப் போய் நின்றீர்கள். தங்கள் கணவர் கடையை அடைத்துவிட்டுப் பூட்டிய பள்ளிக்கூட வாசலில் நின்றார். அங்கே வந்தவர்களை அவர் தங்களிடம் அனுப்ப, தாங்கள் நூலகத்துக்கு அனுப்பினீர்கள். வாக்குப்பதிவு நாளில் வேட்பாளர் வாக்குக் கேட்கக்கூடாது அல்லவா? ஆகவே தங்கள் வாயிலிருந்து ஒரே பேச்சுத்தான் வந்தது. "நேராப் போய் இடது பக்கம், நீலக் கதவு." ஒப்பந்ததாரரின் ஆட்கள் புகார் கொடுத்தார்கள். அதிகாரி வந்து தங்கள் பின்னாலேயே நின்று நெடுநேரம் காது கொடுத்துக் கேட்டார். நீலக் கதவைத் தவிர வேறொன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

நம் ஆட்களுக்கு அப்போதும் ஆசை விடவில்லை. எதிர்க்கட்சிச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு நாலு பேர் வருவதைக் கண்டு சைக்கிள் கடைக்காரர் தங்கள் காதைக் கடித்தார். "இவங்களுக்கு எதுக்குக்கா? தேடட்டும். சுத்திட்டு வீட்டுக்குப் போகட்டும்."

"ஆணியைப் புடுங்குனது யாரு?"

"நாமதான்."

"அப்போ எல்லாருக்கும்தான் சொல்லணும்" என்று சொல்லி அந்த நால்வருக்கும் நீலக் கதவைக் காட்டினீர்கள்.

உச்சி வெயிலில் ஒப்பந்ததாரரின் தாயார் வந்தார். மகனின் வண்டி எங்கோ மாட்டிக்கொண்டதாம். முழங்கால் வலியோடு நடந்தே வந்துவிட்டார். வழி கேட்டார். தங்களை அவருக்குத் தெரியும். அவர் போட்டிருந்த கண்ணாடியே தங்கள் கடையில் வாங்கியது. நாங்கள் கணக்குப் போட்டுப் பார்த்ததில் வெற்றியோ தோல்வியோ ஒன்றிரண்டு வாக்குகளில்தான் இருந்தது. தாங்களோ குடையை அவர் தலைக்கு மேல் பிடித்து, கையைத் தோளில் தாங்கிக்கொண்டு, நீலக் கதவு வரை கொண்டுபோய் விட்டுவந்தீர்கள்.

திரும்பி வந்ததும் தாங்களாகவே சொன்னீர்கள். "பெத்த புள்ளைக்கு ஓட்டுப் போட இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காங்க. நடுவழியில விட்டுடலாமா?" சொல்லிவிட்டு ஏரிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தீர்கள். அந்த ஒரு வாக்கில் ஏரி போய்விடக்கூடும் என்று தாங்களும் கணக்குப் போட்டிருந்தீர்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

எண்ணினார்கள். ஒப்பந்ததாரர் கேட்டுக்கொண்டபடி மறுபடியும் எண்ணினார்கள். இரண்டு தடவையும் தாங்களே வென்றீர்கள். வித்தியாசத்தை இரு கை விரல்களில் அடக்கிவிடலாம். அந்தத் தாயார் தங்களுக்கே போட்டார் என்று ஊரில் ஒரு கதை இன்றும் உலவுகிறது. நாங்கள் அதை நம்பவில்லை. மகனுக்குத்தான் போட்டிருப்பார், போடவும் வேண்டும்.

வெற்றி விழாவுக்கு மாலை வாங்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. வென்று பழக்கமில்லாத கட்சி! ஆளுக்கொரு பக்கம் நின்று அழுதோம். முதல் மன்றக் கூட்டத்தில் தங்கள் கை உயர்ந்தது. ஏரியை மூடும் தீர்மானம் ஒரே வாக்கில் தோற்றது. அதன்பின் எத்தனையோ பணிகள், எத்தனையோ சண்டைகள். மேற்குக் கரை மண்ணையும் அள்ளவைத்து, அடைபட்ட மதகைத் திறக்கவைத்து, பள்ளத்தெரு வடிகாலுக்குப் பொறியாளரைக் கையோடு இழுத்துவந்து காட்டினீர்கள். இன்று மன்றத்தில் நம் கட்சிக்கு ஐந்து நாற்காலிகள். அடுத்த தேர்தலில் ஏரிக்கரையில் நிற்கப்போகிறவர் நம் சைக்கிள் கடைக்காரர். தாங்கள் இல்லாமல் வெல்வோமா என்பது எங்களுக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்?

ஆனாலும் இன்னும் ஒரு தடவை நில்லுங்கள் என்று தங்களைக் கேட்கப்போவதில்லை. கேட்பதாகத்தான் இருந்தோம். போன மழைக்காலத்தில் மனம் மாறினோம்.

மூன்று நாள் விடாத அடைமழை, நினைவிருக்கும். முன்பெல்லாம் அப்படிப் பெய்தால் பள்ளத்தெருவில் ஒருவரும் படுக்கமாட்டார்கள். அரிசி மூட்டை பரணுக்கு ஏறும். பிள்ளைகள் மாடி வீடு தேடிப் போவார்கள். பெரியவர்கள் வாசலில் தண்ணீரைப் பார்த்தபடி குந்தியிருப்பார்கள். இந்த மழையில் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஏரி கரை தொட்டு நிறைந்திருந்தது. தெருவில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லை. தங்கள் வீட்டில் தங்கள் கணவர் மட்டும் விழித்திருந்தார். அக்கா எங்கே என்று கேட்டோம்.

"மழை வலுத்துடுச்சேன்னு எழுப்பினேன். 'பெய்யட்டும், நீங்களும் படுங்க'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டா. இன்னும் எந்திரிக்கல" என்றார்.

மழை நாளில் தாங்கள் உறங்கி நாங்கள் கண்டதில்லை. அன்று கதவைத் தட்டாமல் திரும்பிவிட்டோம்.

அக்கா! நெடிது வாழ்க! நோயின்றி வாழ்க! பெய்யும் மழையிலெல்லாம் விடியும் வரை உறங்குக! இனி விழித்திருப்பது எங்கள் வேலை.

என்றும் தங்கள் அன்பில் வாழும்,
கட்சி அலுவலக ஊழியர்கள்,
ஏரிக்கரை வார்டு ஆதரவாளர்கள்