தானம் கொடுத்த கார்

ராத்திரி ஏழேகால் மணி. கல்குவாரிக்குப் பின்னால் போகிற சாலை. குவாரியை மூடிப் பல வருடம் ஆனதால் அந்தப் பக்கம் ஈ, காக்கா கிடையாது. தூறல் வேறு. ரெக்கவரி லாரி ஒன்று தனியாகப் போய்க்கொண்டிருக்கிறது. அதன் முதுகில் வெள்ளை எலெக்ட்ரிக் கார்…

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள். அந்தக் கதவைச் சாத்திவிட்டு.

லாரியை ஓட்டியவர் என்னோடு வேலை பார்க்கிற நண்பருடைய மச்சான். பொய் சொல்ல வராத மனிதர். சீட்டு ஆடினால் முகத்தைப் பார்த்தே எல்லோரும் ஜெயித்துவிடுவார்கள். பார்வையற்றோர் இல்லம் ஒன்றுக்கு ஜனங்கள் தானமாகத் தருகிற பழைய வண்டிகளை ஏற்றிக்கொண்டு வருவதுதான் அவர் வேலை. இல்லம் அவற்றை விற்றுச் செலவைப் பார்த்துக்கொள்ளும்.

அன்றைக்குக் கார் கொடுத்தவர் ஒரு காண்டிராக்டர். ஆறு மாதமாகச் சார்ஜ் போடாத வண்டி. விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, உயிரே இல்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? மச்சான் பேசாமல் சங்கிலி மாட்டினார்.

"என் சம்சாரத்தோட கார். அவ பேர்ல ஒரு புண்ணியமா போகட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு காண்டிராக்டர் உள்ளே போய்விட்டார்.

வாசல் பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்கார அம்மா மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"அந்தக்கா இதுக்குள்ளதாங்க செத்துப்போச்சு. உச்சி வெயில்ல, இதே வாசல்ல. அது வெளிய கிளம்பினா இவரு போன்லயே கார் கதவைப் பூட்டிடுவாரு. எங்க போறேன்னு சொன்னாத்தான் திறப்பாரு. அதுக்கு வீசிங் வேற… கார்லயே தூங்கிடுச்சுன்னு எழுதிட்டாங்க. தூங்கறவளுக்குப் பத்து நகமும் உடையுமா?"

மச்சான் லாரியில் ஏறினார். கிளம்பிவிட்டார்.

குவாரி வளைவு. அங்கேதான் கேட்டது.

டொக்… டொக் டொக்.

சங்கிலி தளர்ந்துவிட்டதோ என்று இறங்கிப் பார்த்தார். விறைப்பாகத்தான் இருந்தது. தூறலில் லாரி முழுக்கச் சில்லிட்டுக் கிடக்க, காரிலிருந்து மட்டும் ஆவி கிளம்பியது. காய்ந்த ரப்பர் வாடை. அதோடு வியர்வை வாடை… கண்ணாடி உள்பக்கமாகப் பனித்திருந்தது. உள்ளே எங்கேயோ ஒரு போன் அடித்துக்கொண்டிருந்தது.

காண்டிராக்டரைக் கூப்பிட்டார்.

"சார், கார்ல ஒரு போனை விட்டுட்டீங்க போல. அடிக்குது."

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். அப்புறம், "எங்க இருக்கீங்க? அதைத் தொடாதீங்க. நான் வர்றேன்."

இருபதே நிமிடம். செருப்புகூட இல்லாமல் வந்து குதித்தார்.

"அவ போன்யா… வீடு பூரா தேடிட்டேன். கடைசியா அதுலதான் யார்கிட்டயோ பேசியிருக்கா" என்று முனகிக்கொண்டே லாரிமேல் ஏறினார். தொட்டதும் கதவு திறந்தது. உள்ளே நுழைந்து சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

போன் அடிப்பது நின்றது.

கதவு சாத்திக்கொண்டது. மெதுவாக… குழந்தை தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோல. பிறகு, டக்.

காண்டிராக்டர் கண்ணாடியில் அறைந்தார். வாய் அசைந்தது, குரல் வெளியே வரவில்லை. தன் போனை எடுத்துக் கண்ணாடியோடு ஒட்டிக் காட்டினார். 'திற' என்கிற பட்டனை அழுத்தினார். அழுத்தினார். அழுத்திக்கொண்டே இருந்தார்.

மச்சான் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். உள்ளங்கை பொசுங்கியது. வீல் ஸ்பேனரை எடுத்து ஓங்கி ஒரு அடி. கீறல்கூட விழவில்லை. அடுத்த அடிக்கு ஓங்கும்போது அவருடைய போன் அடித்தது. உள்ளேயிருந்து காண்டிராக்டர்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் காதில் வைத்தார்.

மூச்சிரைப்பு. அடைத்த தொண்டையில் காற்றை இழுக்கிற விசில் சத்தம். அப்புறம் ஒரு பெண் குரல், ரொம்ப மரியாதையாக.

"நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்கண்ணா."

ஸ்பேனர் கீழே விழுந்தது. மச்சான் தள்ளி நின்றார்.

எவ்வளவு நேரம் நின்றார் என்று அவருக்கே தெரியாது. கண்ணாடியில் அறைந்த கை தளர்ந்தது… வழுக்கிக் கீழே இறங்கியது… காணாமல் போனது. பூட்டு தானாகத் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து வந்த காற்று அந்தத் தூறலிலும் அவர் புருவத்தைக் கருக்கியது.

போலீஸ் தேடியபோது காருக்குள் இரண்டாவது போன் எதுவும் இல்லை. மாரடைப்பு என்று எழுதினார்கள்.

"கண்ணாடியை ஏன்யா உடைக்கல?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"அடிச்சுப் பார்த்தேன் சார், உடையல."

பாதிதான் உண்மை. மீதியை என் நண்பரிடம் மட்டும் சொல்லி அழுதிருக்கிறார். "அந்தம்மா சொன்னதும் எனக்குப் பயமே வரல மாப்ள. சரின்னு பட்டுச்சு. இப்ப அதை நெனச்சாத்தான் பயமா இருக்கு."

போன் நம்பரை மாற்றினார். வேலையை விட முடியவில்லை, வயிறு இருக்கிறதே.

போன வாரம் ஊருக்கு அந்தக் கோடியில் ஒரு வீடு. நீல நிற எலெக்ட்ரிக் கார். புருஷன்காரர் சிரித்துப் பேசியபடியே கையெழுத்துப் போட்டார். மனைவி வாசற்படியில் நின்றாள். அவர் பேசி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை.

மச்சான் குனிந்து சங்கிலியை மாட்டினார். சட்டைப்பையில் போன் அடித்தது.

அதே விசில் மூச்சு.

"அண்ணா… இந்த வீட்லயும்."